பூட்டிய வைஃபையும் திறந்த வாயும்

வைஃபைக்குப் பூட்டுப் போடுவது என் தொழில். போட்ட பூட்டு மறுநாள் காலைவரை தாங்கினால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

கடைகளிலும் ஆபீஸ்களிலும் கூரையில் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியதுபோல இருக்குமே, நடுவில் சின்னதாக ஒரு விளக்கு எரியுமே, அதுதான் அக்ஸஸ் பாயின்ட். வைஃபை அதிலிருந்துதான் வருகிறது. ஏணி போட்டு அதை மாட்டுவது சுலபம். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, போகிற வருகிற தகவலை வெளி ஆள் படிக்க முடியாதபடி எப்படிக் குழப்பி அனுப்புவது, பாஸ்வேர்டு என்ன என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். என் தலை நரைத்தது அந்த வேலையில்தான். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு சந்துக்குள் இருக்கிற சேகர் அண்ணன் கடையில் பல வருஷமாக இருக்கிறேன். இன்னமும் சில வீடுகளில் கதவைத் திறப்பவர்கள் ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "டெக்னீஷியன் வரலையா?" என்கிறார்கள். அது பழகிவிட்டது. பழகாதவை கீழே இருக்கின்றன. சொந்தக்காரர்கள் முன்னால் "எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒரு தடவையாவது வாயைவிட்டு மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் என் வேதனை உங்களுக்குப் புரியும்.

சமையலறைக்கு வந்த கட்டுரை

தேக்கா பக்கம் முத்தையா என்பவர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வைஃபையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். கல்லா, கேமரா, சமையலறையில் ஆர்டர் அடிக்கிற பிரிண்டர் எல்லாம் ஒன்றில். சாப்பிட வருகிறவர்கள் மற்றதில். இங்கிருந்து அங்கே யாரும் நுழைய முடியாது. "கடை வைஃபை பாஸ்வேர்டை மட்டும் வெளியே சொல்லிடாதீங்க அண்ணே" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் பலமாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் யாரோ ஒரு வாடிக்கையாளர் "லைன் ஸ்லோவா இருக்கு லா" என்று முகம் சுளித்திருக்கிறார். முத்தையாவுக்கு மனசு கேட்கவில்லை. கடை வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லாமினேட் செய்து, கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டார்.

மதியக் கூட்டத்தில் போன் வந்தது. "சுமதி, கிச்சன்ல பைத்தியம் பிடிச்சிருச்சு, ஓடி வா." போய்ப் பார்த்தால், சாப்பிட வந்த ஒரு அம்மா பிள்ளையின் தமிழ்க் கட்டுரையைப் போனில் திருத்திக்கொண்டே பிரிண்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். வீட்டில் இருக்கிற ஞாபகம். போன், பக்கத்தில் எந்தப் பிரிண்டர் அகப்பட்டதோ அதற்கு அனுப்பிவிட்டது. ஒன்றும் வரவில்லையே என்று அவர் திரும்பத் திரும்ப அழுத்த, 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' பக்கம் பக்கமாகச் சமையலறையில் வந்து விழுந்திருக்கிறது. உண்மையான ஆர்டர்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. காத்திருந்து அலுத்துப் பாதிப் பேர் எழுந்து போயே விட்டார்கள். தலைமைச் சமையல்காரர் தங்கராசு மட்டும் பதற்றப்படவில்லை. கட்டுரையை மற்ற ஆர்டர்களோடு சேர்த்துக் கம்பியில் செருகி, கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா எந்த டேபிள், சாப்பிடறதா, பொட்டலமான்னு போடலையேம்மா."

ரொம்ப ஸ்ட்ராங்

ரேணுகா என்று ஒரு கணக்காய்வாளர். அவருக்குத் தெரிந்த யாருடைய கம்ப்யூட்டரிலோ யாரோ புகுந்து கோப்புகளை எல்லாம் சுருட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். "இருக்கறதுலேயே ரொம்ப ஸ்ட்ராங்கானதைப் போடுங்க." இப்படிக் கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில், தகவலைக் குழப்பி அனுப்புகிற என்கிரிப்ஷனில் இருப்பதிலேயே புதிய முறையை வைத்தேன். நீளமான பாஸ்வேர்டு வைத்தேன். எல்லா லேப்டாப்பும் இணைந்தன. சுவரில் இருந்த வருகைப் பதிவு மெஷின் மட்டும் இணையவில்லை. ஊழியர்கள் விரல் வைப்பார்களே, அது. அது ஆதிகாலத்து மெஷின், பழைய முறை தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. மாற்றிவிடலாம் என்றேன். அது அவர் அப்பா வாங்கியது, மாற்ற மாட்டாராம். சரி என்று அந்த மெஷினுக்கு மட்டும் பழைய முறையில் தனியாக ஒரு வைஃபை போட்டு, "இதுல வேற யாரும் வரக்கூடாது, இது ஓட்டைக் கதவு" என்று தெளிவாகச் சொன்னேன்.

மாதம் முடியும்போது மறுபடி போனேன். ஆபீஸ் முழுக்க ஓட்டைக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. கணக்குகள், வரி விவரங்கள், ரேணுகாவின் சொந்தப் போன், எல்லாமே. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய புதிய வைஃபையில் ஈ, காக்கை இல்லை. அவரோ பூரித்துப்போய்ச் சொன்னார்: "அந்தச் சின்ன வைஃபைதான் சூப்பர், பாஸ்வேர்டும் சின்னது, எல்லாமே டக்குன்னு கனெக்ட் ஆகுது, பெரிசை எடுத்துடுங்க சுமதி, ஆனா செக்யூரிட்டி மட்டும் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கணும்."

எனக்குமா?

கேலாங்கில் அழகு நிலையம் நடத்தும் விஜயா அக்காவுக்குத் தன் வைஃபையின் பெயர் அடுத்த கடைக்காரர்கள் போனில் தெரிவதே பிடிக்கவில்லை. மறைத்து வைக்க முடியுமா என்றார். முடியும், ஆனால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடையாது, தேடத் தெரிந்தவன் தேடிக் கண்டுபிடித்துவிடுவான் என்றேன். பரவாயில்லை, மறை என்றார். மறைத்தேன். கொஞ்ச நாளில் புதுப் போன் வாங்கியிருக்கிறார். பட்டியலில் தன் வைஃபையைத் தேடியிருக்கிறார். காணவில்லை. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணை ஒரு பிடி பிடிக்க, அவள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். நான் போய், மறைத்த பெயரைக் கையால் அடித்தால்தான் வரும் என்று விளக்கினேன். விஜயா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான சொன்னேன், எனக்குமா தெரியக் கூடாது?"

மாடிக்காரர்

தோ பாயோவில் இராமலிங்கம் ஐயா வீவக அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரோ தன் வைஃபையைத் திருட்டுத்தனமாக உபயோகிக்கிறார்கள் என்று கூப்பிட்டார். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். "பேரையும் மாத்தலாமாம்மா?" என்றார். மாற்றலாம். என்ன பேர் என்றேன். மேல் வீட்டு மிஸ்டர் டான் நேரம் காலம் இல்லாமல் நாற்காலியை இழுக்கிறாராம். லிஃப்ட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். ஆகவே, 'மாடிக்காரரே நாற்காலியை இழுக்காதீர்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஆங்கிலத்தில் வைக்கச் சொன்னார். மேலே போனைத் திறந்தால் பட்டியலில் தெரியும் அல்லவா? எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்தேன். கொஞ்ச நாளில் மேல் வீட்டு வைஃபை பதில் சொன்னது: 'காதில் பஞ்சு வை.' அதற்கு இவர் ஒன்று, அதற்கு அவர் ஒன்று. ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கூப்பிடுவார். நீங்களே மாற்றிக்கொள்ளலாம், கற்றுத்தருகிறேன் என்றால், "நீ வந்து செஞ்சாத்தான் சரியா இருக்கு" என்பார். பால் இல்லாமல் தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டு, மிஸ்டர் டான் கடைசியாக வைத்த பெயரை எனக்குப் படித்துக் காட்டுவார். கோபமாகத்தான் படிப்பார். ஆனால் அந்த வீட்டில் அவர் குரல் உயர்வது அப்போது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

கடைசியாகப் போனபோது தே ஓ வரவில்லை. உட்காரச் சொன்னார். லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தேன். மேல் வீட்டுப் பெயரைக் காணோம். மிஸ்டர் டான் போய்விட்டாராம். நோய் எத்தனையோ மாதமாக இருந்திருக்கிறது. ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து, நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பாராம். புளோக்குக்குக் கீழே இறுதிச் சடங்குக்காகப் போட்டிருந்த கூடாரத்தில் அவர் மனைவி சொல்லித்தான் இவருக்கே தெரிந்திருக்கிறது. மகன் வந்து அந்த வைஃபை லைனை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் மேலே இருக்கிறார். ஐயாவின் வைஃபை பெயர் இன்னும் 'செவிடருக்கு நாற்காலி எதற்கு' என்றே இருந்தது. அதை அழித்தேன். வேறு என்ன பேர் வைக்கட்டும் ஐயா என்றேன். கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "சாரின்னு வெச்சா, அந்தம்மா போன்ல தெரியுமாம்மா?"

நன்றி

உட்லண்ட்ஸில் பிரேமா என்பவர் வீட்டுக்கு ஒரு போனை மட்டும் தடுக்கப் போனேன். பணிப்பெண் செல்வியின் போன். செல்வி தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிரேமா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் இருக்கும் அவருடைய அப்பா, செல்வி மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்தப் பயம் பிரேமாவை விட்டுப் போகவில்லை. "அவகிட்ட எத்தனையோ தடவ சொல்லியாச்சு. நீங்க பிளாக் பண்ணிடுங்க" என்றார். ஒவ்வொரு போனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைக் குறித்து, இதை உள்ளே விடாதே என்று அக்ஸஸ் பாயின்ட்டிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. செய்தேன். செல்வி எனக்குத் தே கொண்டுவந்து வைத்தாள். பிரேமா உள்ளே போன சமயம், குரலைத் தாழ்த்தி, "அக்கா, ராத்திரி மட்டும் கொஞ்ச நேரம் திறக்கற மாதிரி வைக்க முடியாதா?" என்றாள். முடியும். பிரேமாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார், உண்மையிலேயே யோசித்தார். "மகளோட பேசிட்டு அழுதுட்டுப் படுப்பா. காலையில அப்பாவைத் தூக்கத் தெம்பு இருக்காது சுமதி" என்றார். எனக்கு அடுத்த வீடு காத்திருந்தது. ஏணியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து மறுபடி அழைப்பு. அந்தப் போன் எப்படியோ திரும்ப உள்ளே வருகிறதாம். எனக்குக் காரணம் தெரியும். இப்போது வரும் போன்கள் அடையாள எண்ணைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. முகமூடி மாற்றிக்கொண்டு வருகிற மாதிரி. பழைய எண்ணைத் தடுத்தது வீண். இந்தத் தடவை பாஸ்வேர்டையே மாற்றிவிட்டு, வீட்டில் மற்றவர்கள் போனில் மட்டும் புதியதைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார் பிரேமா. கதவைத் திறந்தவள் செல்வி. அன்றைக்கு அவள் முகமே வேறாக இருந்தது. என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். காதோரம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "பாப்பாவைத் தினமும் பார்க்கறேன்க்கா, நீங்கதான் திறந்துவிட்டீங்கன்னு எனக்குத் தெரியும், ரொம்ப நன்றிக்கா."

கெட்டுப்போச்சு

ஹாஜா மைதீன் பாய்க்குத் தேக்காவில் சூட்கேஸ் கடை. அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் இங்கேதான். அவர் கடை வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமான வேலை பார்க்கும் தம்பிமார்கள் கடை முன் நடைபாதையில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். ஒருவன் பெண்டாட்டியோடு, ஒருவன் அம்மாவோடு, ஒருவன் பிறந்து இன்னும் தூக்கியே பார்க்காத குழந்தையோடு. சூட்கேஸ் வாங்க வருகிறவர்கள் அவர்கள் கால்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். இது ஆபத்து என்று நான் போகிறபோதெல்லாம் சொல்வேன். "வாசல்ல நின்னு பேசறான், பேசட்டும்மா" என்பார்.

ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். யாரோ அந்த லைன் வழியாக யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள். யார் என்று தெரியாது, ஆனால் லைன் பாய் பேரில் இருக்கிறது. அவர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மேல் தப்பு இல்லை என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் மனிதர் பாதியாகிப் போனார். பள்ளிவாசலில்கூட யாராவது தன்னைப் பார்த்தால் அந்த விஷயத்தைத்தான் நினைக்கிறார்களோ என்று தலையைக் குனிந்துகொள்வாராம். பாயின் மகன் என்னைக் கூப்பிட்டார். புதுப் பெயர், நல்ல என்கிரிப்ஷன், கஷ்டமான பாஸ்வேர்டு, எல்லாம் வைத்தேன். வருகிறவர்கள் போன் நம்பர் கொடுத்து உள்ளே வருகிற மாதிரி தனியாக ஒன்று வைக்கலாமே பாய் என்றேன். "நம்பர் கேட்டா பயந்துடுவான்மா. எந்த நம்பரால என்ன வம்பு வருமோன்னு ஓடிடுவான்" என்றார்.

அந்த ஞாயிறு மளிகை வாங்கப் போனவள் அந்தப் பக்கமாக வந்தேன். நடைபாதையில் தம்பிமார்கள் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள், இடம் மாறிப் பார்த்தார்கள், அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் உள்ளே தலை நீட்டி, "பாய், வைஃபை வரலையே?" என்றான். பாய் ஏதோ முணுமுணுத்தார். அவன் "பரவால்ல பாய், சரியானதும் வர்றோம்" என்றான். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் உள்ளே போனேன். கூரையில் பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வேலை சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சூட்கேஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பூட்டிட்டேன்னு சொல்ல வாய் வரலம்மா, கெட்டுப்போச்சுன்னே சொல்லிட்டிருக்கேன்."

எங்கள் கடை

கடைசியாகச் சொந்தக் கடை விவகாரம். ஊரில் பல கிளைகள் வைத்திருக்கும் பல் மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மையார் எங்களைப் பார்க்க வந்தார். எல்லாக் கிளைகளுக்கும் வைஃபை போட ஆள் தேடுகிறார்கள். அந்த வேலை மட்டும் கிடைத்தால், மூடிவிடலாமா என்று சேகர் அண்ணன் யோசித்துக்கொண்டிருந்த கடை தப்பிக்கும். என் வேலையும் தப்பிக்கும். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கோப்பிக்கடையிலிருந்து கோப்பி வரவழைத்து, பாதுகாப்பைப் பற்றி அருமையாகப் பேசினார். எனக்கே புல்லரித்தது. அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கடையில எப்படி வெச்சிருக்கீங்க? அதைக் காட்டுங்களேன்" என்றார். நியாயமான கேள்வி. நான் எழுவதற்குள் அண்ணன் உற்சாகமாக லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எங்கள் அக்ஸஸ் பாயின்ட்டின் உள்ளே போகப் பெயர் கேட்டது. 'அட்மின்' என்று அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது. மறுபடியும் 'அட்மின்' என்று அடித்தார், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பெட்டியில் வரும்போது கம்பெனிக்காரன் போட்டு அனுப்புகிற, உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு அது. மாற்றலாம் அண்ணே, மாற்றலாம் அண்ணே என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. அம்மையார் கோப்பியைக் கீழே வைத்தார். கைப்பையை மூடினார். ரொம்ப மரியாதையாக, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொள்ளும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் திரும்பி, நிஜமாகவே புரியாமல் என்னைக் கேட்டார்: "ஏன் சுமதி, ஸ்பெல்லிங் சரியாத்தானே அடிச்சேன்?"

யாருமே உள்ளே நுழைய முடியாத வைஃபையை இந்த ஊரில் என்னால் நிச்சயம் அமைத்துத் தர முடியும், அதன் சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவைக்க யாராவது எனக்கு அனுமதி கொடுத்தால்.